அயலரசும் அன்றாட வாழ்வும்

ஹப்புத்தளை மலைமுகட்டின் கீழே, கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தே கிடக்கும் சிற்றூர் ஹல்துமுல்லை. அவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுத்து, பேர் பதிந்து, லயத்துக்குத் திரும்பும் தொழிலாளி ஒருவர், மாலையில் தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்து அமெரிக்க சனாதிபதியின் செயல்கள் பற்றித் தீர்ப்புக் கூறுவாராயின், அதனைக் கேட்கும் கற்றோர் நகைப்பது வழக்கம். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை, ஒழுகும் கூரைத் தகரம், கடைக்காரருக்குத் தீர்க்க வேண்டிய கடன், அமெரிக்கா விதித்த இறக்குமதித் தீர்வை ஆகிய நான்கும் ஒரே பேச்சில், ஒரே குரலில் வந்து போகும். பொருத்தமற்ற பொருள்களை ஒருங்கே கட்டிய மூட்டையாக அப்பேச்சுக் கற்றோர்க்குத் தோன்றுகின்றது.

அந்நகைப்பினுள்ளே இரண்டு குற்றச்சாட்டுகள் மறைந்துள்ளன. ஒன்று உரிமை பற்றியது. வாஷிங்டனில் எவர் ஆளவேண்டும் என்பதில் வாக்கில்லாத ஒருவர், அந்நாட்டு அரசியலை நியாயம் அநியாயம் என்று தீர்க்க எவ்வாறு தகுதியுடையவராவார்? மற்றையது பயன் பற்றியது. தம் கூரையைச் செப்பனிடுவதற்கே தோட்ட நிர்வாகத்தின் வாயிலில் பலமுறை நிற்க வேண்டியவர், பத்தாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரசைப் பற்றிப் பேசுவதால் விளைவது யாது? திருக்குறளில் பயனில சொல்லாமை என்னும் அதிகாரம் அரசியலில் வைக்கப்படாது இல்லறவியலில் வைக்கப்பட்டிருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பயனற்ற பேச்சு இல்லறத்தானின் குற்றமாகவே அங்கு எண்ணப்பட்டது. இவ்விரு குற்றச்சாட்டுகளுள் முதலாவது வலுவற்றது. இரண்டாவது, கூறுவோர் கருதும் வகையில் அன்றாயினும், வலுவுடையது.

அகவாழ்வையும் அரசின் செயலையும் ஒன்றாகப் பேசுவது குழப்பமாகுமா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். தமிழ் இலக்கண மரபு வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்தது உண்மையே. அகத்திணையில் எவருடைய இயற்பெயரும் சுட்டப்படலாகாது என்ற அளவுக்கு அப்பகுப்புக் கடுமையானது. எனினும் அம்மரபே தன் வேலியைத் தானே கடந்த இடமொன்று உண்டு. நெடுநல்வாடையில் அரசி அரண்மனையில் உறக்கமின்றித் தனித்திருக்கின்றாள். அரசன் பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு ஆற்றித் திரிகின்றான். பிரிவும் காத்திருத்தலுமே பாட்டின் பொருளாதலின் அதனை அகம் எனலாம். ஆயின் வேலொன்றின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது என்ற சிறு குறிப்பினால் பாண்டியனின் அடையாளம் வெளிப்பட்டமையின், அது புறமே என உரைகாரர் நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரு பெண்ணின் உறக்கமின்மை அகமா புறமா என்பதை ஒரு வேப்பந்தழை தீர்த்துவிட்டது. புலவர் கூட்டம் இதனைப் பல காலம் வாதித்துள்ளது. அந்த அரசிக்கோ அவ்வேறுபாடு பொருட்டன்று. போர் எப்பொழுது முடியும் என்பதில் அவளுக்கு வாக்கில்லை. அவளுடைய இரவு எவ்வளவு நீளும் என்பதைத் தீர்மானிப்பது அப்போரே. (ஹல்துமுல்லை என்ற பெயரின் முல்லைக்கும் காத்திருத்தலுக்குரிய முல்லைத் திணைக்கும் தொடர்பு தேடுவோர் உளராயின், அது வீண், பெயர் சிங்களம்.)

மலையகத்து லயங்களில் வேப்பந்தழையின் இடத்தைப் பெற்றது கோதுமை மா. தேயிலை தளிர்க்கும் மலைச்சரிவில் நெல் விளைவதில்லை. விளையக்கூடிய பள்ளங்களும் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. ஆதலின் ரொட்டியும் சம்பலுமே அவர்களின் காலை உணவாகவும், பெரும்பாலும் இரவு உணவாகவும் அமைந்தன. இலங்கையில் கோதுமை விளையாது. லயத்து அடுப்பில் வேகும் ரொட்டி, அதனால், தொடக்கத்திலிருந்தே பிறநாட்டு அரசியலோடு பிணைந்த பண்டமாயிற்று. 1954ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்க சனாதிபதி ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட பொதுச் சட்டம் 480, அந்நாட்டு விவசாயிகளின் கையில் தேங்கிக் கிடந்த மிகைத் தானியத்தைச் சலுகை விலையிலும் நன்கொடையாகவும் பிறநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்தது. உதவி, சந்தை தேடல், பனிப்போர்க்கால நட்புத் தேடல் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கியிருந்தன. அதன் நன்மையை மறுப்பது நேர்மையாகாது. 1973இல் தொடங்கப்பட்டு, தாய்மாருக்கும் சிறுவருக்கும் மருத்துவ நிலையங்களில் வழங்கப்பட்ட திரிபோஷா சத்துமாவில், தொடக்க ஆண்டுகளில் அவ்வுதவித் தானியமும் கலந்திருந்தது. அதனை உண்டு வளர்ந்தவர் பலர்.

எனினும் உதவும் கை எப்பொழுது நீளும், எப்பொழுது மடங்கும் என்பதை உண்பவர் தீர்மானிப்பதில்லை. 1962இல் இலங்கை அரசு வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியைக் கையேற்றது. அவற்றுள் அமெரிக்கக் கம்பனிகளான எஸ்ஸோவும் கல்டெக்ஸும் அடங்கின. நட்டஈடு பற்றிய பிணக்குத் தீராமையால் 1963ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான பொருளாதார உதவியை இடைநிறுத்தியது. அமெரிக்கக் குடிகளின் சொத்தை உரிய நட்டஈடின்றிக் கையேற்கும் நாடுகளுக்கு உதவி நிறுத்தப்பட வேண்டும் என்று, ஐயோவா மாநிலத்துச் செனற்றர் ஹிக்கன்லூப்பரின் பெயரால் வழங்கிய சட்டத்திருத்தம் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது இலங்கையின் மீதே. 1965இல் ஆட்சி மாறி, நட்டஈடு பற்றி உடன்பாடு ஏற்பட்ட பின்னரே உதவி மீண்டது.

இப்பிணக்கில் எத்தரப்பு நியாயமானது என்பது அரசறிவியலாளர் ஆராய வேண்டியது. அறவியல் நோக்கில் கவனிக்கத்தக்கது வேறொன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்திருந்தன. 1931இன் சர்வசன வாக்குரிமையால் தோட்டத்து ஆண்களிலும் பெண்களிலும் பலர் வாக்களித்த காலமும் ஒன்று இருந்தது. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் நுவரெலியாவுக்குத் தொண்டமானும் தலவாக்கலைக்கு எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அமர்ந்திருந்தனர். 1952இல் அத்தகைய பிரதிநிதி எவரும் இல்லை. ஆகவே 1963இல், எண்ணெய்க் கம்பனியைக் கையேற்ற கொழும்பு அரசைத் தெரிந்தெடுத்ததில் தோட்டத் தொழிலாளிக்குப் பங்கில்லை. அவ்வரசைத் தண்டித்த வாஷிங்டன் மன்றத்தைத் தெரிந்தெடுத்ததிலும் பங்கில்லை. இரு பக்கத்தும் அவர் வாக்கற்றவர். அயல்நாட்டு அரசியலைப் பேச வாக்கு வேண்டும் என்போர், அதே அளவையால் அவர் உள்நாட்டு அரசியலையும் பேசலாகாது என்று கூற வேண்டியவராவர். பங்கீட்டு அட்டையில் எவ்வளவு மா எழுதப்படும் என்பது பற்றியும், தம்மை இந்தியாவுக்கு அனுப்புவதா இங்கு வைத்திருப்பதா என்பது பற்றியும் அவர் வாய் திறந்திருக்கலாகாது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசியது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என்று பகுத்த அவ்வொப்பந்தத்தில், அவர்களில் எவரிடமும் முன்கூட்டி வினவப்படவில்லை.

வாக்கு என்பது முடிவெடுப்பதற்கான கருவி. தீர்ப்புக் கூறும் தகுதியோ முடிவின் சுமையைத் தாங்குவதிலிருந்து பிறக்கின்றது. அடிபட்டவர் அடித்தவரைப் பற்றிப் பேசுவதற்கு அடித்தவரின் வீட்டில் அங்கத்தவராயிருக்க வேண்டுவதில்லை. இவ்வளவில் முதற் குற்றச்சாட்டு விழுந்துவிடுகின்றது.

ஆயினும் சுமையைத் தாங்குவோர் அனைவரும் அச்சுமை எங்கிருந்து வந்தது என்பதைச் சரியாக அறிவர் எனக் கொள்ளுதல் கூடாது. இதற்கு 1974ஆம் ஆண்டினும் கொடிய சான்று வேறில்லை. 1972ஆம் ஆண்டுக் கோடையில் சோவியத் ஒன்றியம் அமெரிக்கக் கோதுமையைப் பெருந்தொகையாக வாங்கியது. அவ்விற்பனைக்கு அமெரிக்க அரசே கடனும் மானியமும் வழங்கிற்று. தேர்தல் ஆண்டில் விவசாயிகளை மகிழ்விப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றெனப் பேசப்பட்டது. உலகச் சந்தையில் கோதுமை விலை இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேலாக ஏறியது. சலுகை விலைத் தானியமும் அருகியது. எஞ்சியதில் பெரும்பகுதி 1974இல் தென்வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் சென்றது. போரை நடத்துவதற்கான பணத்தை அமெரிக்கக் காங்கிரஸ் குறைக்க, உணவுதவி அதன் இடத்தை நிரப்பிற்று. எண்ணெய் விலையும் ஏறிய வேளையில் அந்நியச் செலாவணி வற்றிய இலங்கை அரசு, 1973இன் இறுதியில் பங்கீட்டைக் குறைத்து மாவின் விலையை உயர்த்தியது. கிராமத்தவர் மரவள்ளியும் வற்றாளையும் நட்டுத் தப்பினர். நிலமற்ற தோட்டத்தவர்க்கு அவ்வழியும் இல்லை. 1974இல் பெருந்தோட்டப் பகுதியின் இறப்பு வீதம் நாட்டின் பிற பகுதிகளைவிடக் கூர்மையாக உயர்ந்ததை அரச புள்ளிவிவரங்களே காட்டின.

உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் வியட்நாம் போரை விவாதித்த ஆண்டுகள் அவை. அவ்விவாதங்கள் குண்டுகளைப் பற்றியவை, மாவைப் பற்றியவையல்ல. தென்வியட்நாமுக்குச் சென்ற கோதுமைக் கப்பலுக்கும் ஊவாவின் லயங்களில் அணைந்த அடுப்புக்கும் இடையே உள்ள தொடர்பினை அன்று எடுத்துரைத்தோர் மிகச் சிலர். லயத்துப் பேச்சில் அடுப்பும் அமெரிக்காவும் ஒன்றாக வருவதைக் கேட்டு நகைக்கும் கல்வி, 1974இல் அவ்விரண்டையும் இணைத்துக் காணத் தவறிய கல்வியே. இணைத்தவர் எப்பொழுதும் சரியாக இணைத்தார் என்பதன்று. இணைப்பு உண்டு என்பதை அவர் வயிறு அறிந்திருந்தது.

மாவைப் போலத் தேயிலைக்கும் அமெரிக்காவோடு ஒரு பழங்கணக்கு உண்டு. 1773ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டிகளில் இருந்தது சீனத் தேயிலை. இலங்கையில் தேயிலை பயிரானது அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னரே. தேயிலையின் விலை உயர்ந்தமையால் அக்குடியேற்றவாசிகள் கிளர்ந்தனர் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அவ்வாண்டுச் சட்டத்தால் கம்பனித் தேயிலையின் விலை குறைந்தது. தமக்குப் பிரதிநிதித்துவமில்லாத பாராளுமன்றம் விதித்த வரியை, அது மூன்று பென்சாயினும், செலுத்த மாட்டோம் என்பதே அவர்களின் வாதம். அமெரிக்கா என்ற நாடு பிறந்தது தேயிலை மீதான ஒரு வரியைப் பற்றிய வழக்கிலிருந்து எனின் அது மிகையன்று.

அந்நாடே 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் இலங்கைப் பொருள்கள் மீது நூற்றுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்தது. யூலையில் அது 30 வீதமென மாற்றப்பட்டு, ஓகஸ்ட் மாதத்தில் 20 வீதமாக நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் தேயிலை அத்தீர்வையிலிருந்து விலக்கப்பட்டது. இவ்வெண்கள் ஏறி இறங்கிய மாதங்களில், அவற்றைப் பற்றி ஹல்துமுல்லையிலோ பண்டாரவளையிலோ எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைக் குலைத்து, பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தபோது, அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானங்கள் நிவாரணப் பொருள்களைச் சுமந்து வந்தன. தீர்வை விதித்த அரசும் உதவி அனுப்பிய அரசும் ஒன்றே. இரண்டையும் ஒருங்கே கண்டவர்க்கு நன்றியும் மனக்குறையும் ஒரே வாயிலிருந்து வருவதில் முரண்பாடு யாதுமில்லை.

கணக்கைச் சரியாக இடுவோர் இங்கு ஒன்றனைச் சேர்த்துரைத்தல் வேண்டும். இலங்கைத் தேயிலையின் பெருஞ்சந்தை அமெரிக்கா அன்று. ஈராக், ரஷ்யா, துருக்கி முதலிய நாடுகளே அதனை மிகுதியாக வாங்குவன. அமெரிக்க அரசியல் தேயிலையைத் தொட்டது பெரும்பாலும் வேறு வாயிலால்: 2018இல் ஈரான் மீது மீண்டும் விதிக்கப்பட்ட தடைகளினால் அந்நாட்டுடன் பணக் கொடுக்கல் வாங்கல் முடங்க, பழைய எண்ணெய்க் கடனுக்கு ஈடாக மாதந்தோறும் தேயிலை அனுப்புவதென 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. அதுவும் தாழ்நிலத் தேயிலைக்கே நெருங்கிய செய்தி. ஆடி ஆவணியில் மலைச்சரிவில் வீசும் வறண்ட காற்றினால் மணம் பெறும் ஊவாத் தேயிலைக்குச் சந்தை வேறு. ஆயின் 44 வீதம் என்ற செய்தி லயங்களைத் தொடவில்லை எனல் ஆகாது. இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் ஐந்தில் இரு பங்களவு அமெரிக்காவுக்குச் செல்வது. 1978இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய வர்த்தக வலயமும் அதன் பின் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளும் மலையகத்துப் பெண்பிள்ளைகள் பலரை ஈர்த்துள்ளன. தாய் பறிக்கும் கொழுந்துக்குத் தீர்வை இல்லையாயினும் மகள் தைக்கும் சட்டைக்கு உண்டு.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு: தூரத்தைப் பற்றிய பேச்சு அருகிலுள்ளதை மறக்கச் செய்யும் என்பது. அதம் ஸ்மித் அறவுணர்ச்சிகள் பற்றிய தமது நூலில் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றார். சீன தேசம் முழுவதும் நிலநடுக்கத்தில் அழிந்தது எனக் கேள்வியுறும் ஐரோப்பிய நன்மகன் ஒருவன், மிக வருந்துவான். மனித வாழ்வின் நிலையாமை பற்றிச் சிந்திப்பான். வணிகத்துக்கு நேரும் விளைவுகளையும் ஆராய்வான். பின்னர் ஒன்றுமே நடவாதது போலத் தன் அலுவலுக்குத் திரும்புவான். மறுநாள் தன் சுண்டுவிரலை இழக்கப்போவதாக அறிந்தாலோ அவனுக்கு அன்றிரவு உறக்கமில்லை. ஸ்மித் இதனோடு நிறுத்தவில்லை. அவ்விரலைக் காப்பதற்காக அத்தனை கோடி உயிர்களைப் பலியிட அம்மனிதன் உடன்படுவானா என்று வினவி, உடன்படமாட்டான் என்கிறார். உணர்ச்சி தூரத்தில் மெலிந்துவிடும். அளவுகோல் மெலிவதில்லை என்பதே அவர் கருத்தின் சாரம். அமெரிக்கக் குடியேற்றவாசிகளுக்கு அவர்கள் செலுத்தும் வரிக்கேற்பப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் அளிக்கலாம் என்று பின்னர் எழுதியவரும் அவரே.

தூரத்து அரசின் மீது தீர்ப்புக் கூறுவதற்குச் செலவு இல்லை. வாஷிங்டனைக் கண்டிப்பவர் வேலை இழப்பதில்லை, பேர் வெட்டப்படுவதில்லை. தோட்ட நிர்வாகத்தையோ தொழிற்சங்கத் தலைவரையோ கண்டிப்பவர்க்கு அவ்வுறுதி இல்லை. ஆதலின் செலவற்ற கோபம் எளிதிற் பெருகுகின்றது. செலவுள்ள கோபம் அடங்கிவிடுகின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அம்மலை திடீரெனப் பகையானதன்று. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அவ்வொன்பது ஆண்டுகளில் நாடு முழுவதும் ஈராக் போரும் ஒபாமாவின் வெற்றியும் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பேசப்பட்டன. எச்சரிக்கைக் கடிதம் பேசப்பட்டது மிகக் குறைவு.

இதற்கு லயத்தில் இருந்தவரைக் குறைகூறுதல் அறமாகாது. லயத்துக் காம்பரா தோட்ட வேலையோடு கட்டுண்டது. அதனை விட்டுப் போவோர்க்குச் சொந்தமாக ஓரடி நிலமும் இல்லை. போ என்று சொன்னவர் எங்கே போவது என்று சொல்லவில்லை. தப்பியோர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் தங்கியிருக்க, 2016இலேயே பூணாகலைப் பகுதியில் அவர்களுக்கு வீடுகள் கையளிக்கப்பட்டன. வாய் இருந்தும், வாக்கு இருந்தும், எழுத இடம் இருந்தும் அக்கடிதத்தைப் பேசாதோர் எவர் என்பதே கேள்வி. உலக அரசியலை ஆண்டு மலர்களில் எழுதியோர், மேடையில் முழங்கியோர், பாராளுமன்றத்தில் அமர்ந்தோர் ஆகியோரையே அக்கேள்வி முதலிற் சுட்டும். தொழிலாளியின் தூரப் பேச்சு இயலாமையினால் ஏற்படுவது. கற்றோரின் தூரப் பேச்சு, அஞ்சத்தக்க வகையில், வசதியினால் ஏற்படுவது.

ஆகவே தூரப் பேச்சைத் துறத்தலே தீர்வு எனின் அதுவும் பொருந்தாது. தொலைவிலுள்ள அநியாயம் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு: அங்கு எவரும் உறவினர் அல்லர். முடிவெடுப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்ற அமைப்பினை அமெரிக்கத் தீர்வையில் கண்டுகொள்வது எளிது. அதே அமைப்பு கொழும்பின் பங்கீட்டுக் குறைப்பிலும், தோட்டத்துப் பெரட்டுக் களத்திலும், ஈற்றில் காம்பராவின் அடுப்படியிலும் இருப்பதைக் காண்பது வரவர அரிதாகின்றது. தூரத்திற் கற்ற அளவுகோலை வீட்டுக்குக் கொண்டுவருவோரிடம் அப்பேச்சுப் பயனுடையதாகின்றது. கொண்டுவராதோரிடம் வள்ளுவர் கடிந்த பேச்சாகின்றது. அது எந்த நாட்டுக் கல்விமானுக்கும் பொருந்தும்.

பொஸ்டனில் தேயிலையைக் கொட்டியோரும் இச்சோதனையில் தேறினர் அல்லர். பிரதிநிதித்துவமின்றி வரி இல்லை என்றவர்கள் தம் வயல்களிலும் வீடுகளிலும் அடிமைகளை வைத்திருந்த நாட்டினர். 1776ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள் அபிகேயில் அடம்ஸ் என்னும் பெண்மணி, காங்கிரஸில் அமர்ந்திருந்த தன் கணவர் ஜோன் அடம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணவர் இல்லாத வீட்டைத் தனித்து நடத்தி, பிள்ளைகளையும் பண்ணையையும் பார்த்துக்கொண்டு, நாட்டு நடப்பையும் வீட்டு நடப்பையும் ஒரே தாளில் கலந்தெழுதுவது அவர் வழக்கம். புதிய நாட்டுக்குச் சட்டம் இயற்றும்போது பெண்களை நினைவிற் கொள்ளுமாறும், கணவர்மாரின் கையில் எல்லையற்ற அதிகாரத்தை வைக்கலாகாதென்றும் அக்கடிதத்தில் அவர் கேட்டார். இரண்டு வாரங்களின் பின் வந்த விடையில் கணவர் அதனை நகைப்புக்குரியதாகவே எடுத்துக்கொண்டார். ஒரு சாம்ராச்சியத்தின் அநியாயத்தைக் கடலுக்கப்பால் கண்ட கண், மேசைக்கப்பால் இருந்ததைக் காணவில்லை. அமெரிக்கப் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிட்டியது 1920இல்; இலங்கைப் பெண்களுக்கு அதன் பின் பதினொரு ஆண்டுகளே சென்றன.

தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே. எனினும் 1984 வரை, ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு வீதமும் பெண்ணுக்குக் குறைந்த வீதமும் சட்டப்படி விதிக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு நடந்த வேலைநிறுத்தத்தின் பின் இருவர்க்கும் சம சம்பளம் வந்தது. குடியுரிமைப் பிரச்சினை தீர மேலும் காலம் பிடித்தது. 1988இன் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றவர் என்ற பெயர் நீங்கியது. வாக்கற்றிருந்த காலத்தின் கொடுமையை மலையகத்து ஆண்கள் நன்கு பேசுவர். அது அவர்கள் உரிமை. அக்காலத்திலும் அதன் பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே பெற்றுக்கொள்ளும் பழக்கம் தோட்டங்களில் நிலவியதை ஆய்வாளர் பதிந்துள்ளனர். இருபது கிலோவும் அதற்கு மேலும் கொழுந்து சுமந்து, நிறுவை குறைந்தால் அரைப்பேர் பெற்று, லயத்துக்கு வந்து மாப் பிசைபவள், சம்பள நாளில் மேசைக்கு வரவேண்டியதில்லை எனப்பட்டது. அப்பணத்தில் எவ்வளவு அரிசிக் கடைக்கு, எவ்வளவு சாராயக் கடைக்கு, எவ்வளவு மகளின் பள்ளிக்கு என்ற பகிர்வு அவளைக் கேளாமலே நடந்தேறிய வீடுகள் பல.

மகளுடைய வழக்கும் அத்தகையதே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கட்டுநாயக்காவுக்கோ கொழும்பில் எவருடைய வீட்டு வேலைக்கோ அனுப்பப்படும் பெண்பிள்ளையின் பயணத்தை வீட்டில் தீர்மானிப்போர் தந்தையும் மாமன்மாருமாவர். அவள் அனுப்பும் பணம் தம்பியின் படிப்புக்கும் கடன் தீர்ப்பதற்கும் போகும். அமெரிக்கத் தீர்வை 44 வீதத்தில் நின்றதா, 20 வீதத்துக்கு இறங்கியதா, அதனால் அவளுடைய தொழிற்சாலைக்கு வேலை குறையுமா என்பதை 2025இல் கேட்டறிந்தவர் லயங்களில் இருந்திருப்பர். அத்தொழிற்சாலைக்குப் போக அவள் விரும்பினாளா என்று கேட்டறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. அதனை எந்தத் திணைக்களமும் எடுப்பதில்லை.